தாமான் மெலூர் சிவந்த கதை

எங்கள் பட்டணம் மலாக்காவிலிருந்து செலண்டாருக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் யாராவது என் மேல் ரிப்போட் போடுவார்கள் என்பதால் சொல்லவில்லை.

போலீஸ் ரிப்போட் போடுவது எங்கள் ஆட்களுக்கு ஊறிப்போன பழக்கம். தோட்டத்தில் இருந்த காலத்தில் தொழிற்சங்கத்துக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது: கணக்கெழுதுகிற கிராணி ஏசினால் அழாதே, கை ஓங்காதே, நேராக ஸ்டேசனுக்குப் போய் ரிப்போட் போடு, நம்பரை வாங்கி வைத்துக்கொள். நல்ல பாடம்தான். பிறகு தோட்டத்தைக் கோல்ஃப் மைதானத்துக்கு விற்றுவிட்டார்கள். எங்களைத் தாமான் மெலூர் என்கிற மலிவு வீட்டு வரிசைகளுக்கு மாற்றினார்கள். இங்கே கிராணி இல்லை. பாடம் மட்டும் கைவசம் இருந்தது. அதை ஒருவர் மேல் ஒருவர் செலவழித்தோம்.

அதிகம் செலவழித்தது கோவில் கமிட்டி. தோட்டத்து முனீஸ்வரரை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து தாமான் முனையில் வைத்திருந்தோம். முதல் திருவிழாவிலேயே முதல் மாலை யாருக்கு என்ற கேள்வியில் கமிட்டி இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் தலைவர் தம்புசாமி. மறுபக்கம் பிச்சைமுத்து, தலைவராகியிருக்க வேண்டியவர் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்பவர். இருவரும் சம்பந்திகள். இருவருக்கும் முட்டிவலி இருந்ததால் அடிதடிக்கு வழியில்லை. எனவே ரிப்போட்.

ஸ்டேசன் கவுண்டரில் சார்ஜன் சாமிநாதன் உட்கார்ந்திருப்பார். நம்ம ஆள். எது சொன்னாலும் எழுத வேண்டியது அவர் கடமை. எழுதியதை ஏதாவது ஒரு குற்றவகையில் சேர்க்க வேண்டியது அவர் தலையெழுத்து. பாயசக் கரண்டி காணாமல் போனால் அது திருட்டு. மைக்செட்டின் வயரைப் பிடுங்கினால் சொத்துச் சேதம். தம்புசாமி பிச்சைமுத்துவைப் பார்த்து “பாத்துக்கிறேன்” என்று சொன்னது குற்றமிரட்டல். மழைநாளில் பிச்சைமுத்து ஆட்கள் குடையோடு கூட்டத்துக்கு வந்தது ஆயுதங்களோடு கூடுதல். வந்தவர்களில் ஒருவர் குடையை மடக்கிப் பிடித்திருந்தாராம்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. தொண்ணூற்றாறில் ஸ்டேசனுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே புது இன்ஸ்பெக்டரும் வந்தார். மரியாதையான மனிதர். கோலாலம்பூரில் ஏதோ பயிற்சி முடித்துவிட்டு, குற்றம் நடப்பதற்கு முன்பே எங்கே நடக்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும் என்று நம்பியவர்.

அவர் எங்களையெல்லாம் பாலாய் ராயா என்கிற பொதுமண்டபத்துக்குக் கூப்பிட்டு, சுவரில் ஒரு வரைபடத்தை வெளிச்சம் போட்டுக் காட்டினார். பட்டணம் பெரும்பாலும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது, பஸ் ஸ்டேசனிலும் பாசார் சந்தையிலும் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. தாமான் மெலூர்தான் முழுக்க வெற்றிலை துப்பிய மாதிரி இருந்தது. இந்த வட்டாரத்தில் இந்தியர்கள் பத்தில் ஒருவர், குற்றத்திலோ பத்தில் நான்கு என்றார் வருத்தத்தோடு. உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் அப்போது மலாக்காவில் ஒரு தனியார் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். புள்ளியியல் பாடத்தை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபடியால் அதில் கொஞ்சம் ஆழமான பரிச்சயம் இருந்தது. எழுந்து, துவான் என்று மரியாதையாக விளித்து, இது நடந்த குற்றத்தின் எண்ணிக்கையா, போட்ட ரிப்போட்டின் எண்ணிக்கையா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் அப்படிப் பாகுபாடு பார்ப்பதில்லை என்றார். மண்டபத்தில் சிலர் கைதட்டினார்கள். பாகுபாடு இல்லை என்ற சொல் எங்கள் காதில் விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது.

தீர்வு கேமரா என்றார். சிவப்பு இருக்கிற இடத்தில் வைப்பார்களாம். இந்த இடத்தில் வேறு எந்த ஊர் ஜனமாக இருந்தாலும் முணுமுணுத்திருப்பார்கள். தம்புசாமி எழுந்து அரசாங்கத்துக்கு நன்றி சொன்னார். கேமராவைக் கோவில் வாசலைப் பார்த்து வைத்தால் பிச்சைமுத்துவின் யோக்கியதை தெரியும் என்றும் கேட்டுக்கொண்டார். பிச்சைமுத்து அதைத் தம்புசாமியின் வீட்டு வாசலைப் பார்த்து வைக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் நடுவில் பிடித்தார். ஆகவே கேமரா, பெரிய சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாமானின் வாயைப் பார்த்தபடி வந்து நின்றது. இரு தரப்புக்கும் திருப்தி.

கம்பம் நட்ட அன்று தேங்காய் உடைத்தோம். எலுமிச்சம்பழம் கட்டினோம். தம்புசாமி ஏணி வைத்து ஏறி மாலை போட்டார். போட்டவர் சும்மா இறங்காமல் கண்ணாடியில் சந்தனமும் வைத்துவிட்டார். முதல் வாரம் டேப்பில் சந்தனம் மட்டுமே பதிவானது. அந்த வாரம் தாமான் மெலூரில் குற்றமே நடக்கவில்லை.

சந்தனத்தைத் துடைத்த பிறகு கேமராவில் தெரிய ஆரம்பித்தவன் என் அத்தை மகன் திவாகர்.

திவாகர் மலாக்காவில் ஒரு ஜப்பான்காரர் ஃபேக்டரியில் டெக்னீசியன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வேலை, தூக்கம், ஜானகி அத்தை வைக்கிற மீன்குழம்பு. அந்த வருஷம் ஃபேக்டரி அவனை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்திருந்தது. எங்கள் வரிசையிலிருந்து சிங்கப்பூரைத் தாண்டிப் போகிற முதல் ஆள். போய்வந்தால் சூப்பர்வைசர். கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று: இவன் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை என்று உள்ளூர் போலீஸிடமிருந்து ஒரு கடிதம். அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் வேண்டும். இல்லாவிட்டால் லிஸ்டில் அடுத்த ஆள் போவான்.

கடிதம் கேட்கப் போனவனை உட்கார வைத்து டேப் போட்டுக் காட்டினார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். விடியற்காலையில் திவாகர் தாமான் முனையில் நிற்கிறான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறான். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். திடீரென்று படத்தைவிட்டு வெளியே ஓடுகிறான். மறுநாள் டேப். அதே இடம், அதே பார்வை, அதே ஓட்டம். அதற்கு மறுநாளும். அந்த மாதம் முனைக்கடை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள் ஒன்று களவுபோயிருந்தது. களவுபோனது டேப்பில் இல்லை. திவாகர் இருந்தான்.

விளக்கம் ரொம்ப எளிது. ஃபேக்டரி வேன் பெரிய சாலையில் வரும். வேன் டிரைவர் எங்கள் முனையில் நிறுத்த மாட்டான், மெதுவாக்குவான். ஓடித்தான் ஏற வேண்டும். கேமரா சாலைக்கு முதுகைக் காட்டி நிற்பதால் வேன் படத்தில் விழாது. திவாகர் இதை மலாயில் பொறுமையாகச் சொன்னான். இன்ஸ்பெக்டரும் பொறுமையாகக் கேட்டார்.

“வேன் டேப்பில் இல்லையே” என்றார்.

“கேமரா அந்தப் பக்கம் பார்க்கலையே, துவான்.”

“பார்க்காததை நான் எப்படி எழுதுவது? நீ திருடன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் இல்லை என்றும் எழுத முடியாது. உன் விலாசம் சிவப்பு. சிவப்பு விலாசத்துக்கு மெஷின் அந்த வாக்கியத்தை அடிக்க விடாது.”

திரும்பி வரும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். பாசாரைத் தாண்டியதும் திவாகர் நிறுத்தச் சொன்னான்.

“வேலைக்குச் சேந்ததுலேருந்து ஒரு நாள் லேட்டா போனதில்ல, தாஸ்” என்றான். “அதான்டா தப்பு. சோம்பேறியா படுத்துக் கெடந்திருந்தா டேப்புல நான் வந்திருக்க மாட்டேன். ஜப்பானுக்குப் போயிருப்பேன்.”

காலேஜில் இதெல்லாம் நடத்தவில்லை.

சார்ஜன் சாமிநாதனைச் சாப்பாட்டுக் கடையில் பிடித்தேன். பழைய ரிப்போட்டுகளை வாபஸ் வாங்கினால் சிவப்பு போகுமா என்று கேட்டேன். அவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, வாபஸ் வாங்கினாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான், மூடிய கேசும் கேசுதான் என்றார். பிறகு கம்ப்யூட்டரைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். அந்தப் புலம்பலில்தான் விஷயம் கிடைத்தது. பிரிண்டருக்குச் சிவப்பு மை விலை அதிகமாம். அதனால் மாதா மாதம் ரிப்போட் அதிகமான முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் சிவப்பு அடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். நாலாவது இடத்தில் கொலையே நடந்தாலும் மஞ்சள்தான்.

பட்டணத்தில் ரிப்போட் என்று பேர் சொல்கிற மாதிரி இரண்டே இடங்கள்தான் எங்களுக்கு அடுத்து இருந்தன: பஸ் ஸ்டேசனும் பாசாரும். நாலாவதாக ஒரு இடம் கிளம்பி வந்து, நாங்களும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டால், நாங்கள் மஞ்சளாகிவிடலாம்.

வாயை மூடுவதுதான் சிரமமான பகுதி. கோவிலில் பொதுக்கூட்டம் போட்டோம். நான் விளக்க ஆரம்பித்ததும் தம்புசாமி, இதற்கெல்லாம் மூலகாரணம் பிச்சைமுத்துதான் என்று ஒரு ரிப்போட் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். பிச்சைமுத்து, கடைசி ரிப்போட் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றார். அப்போது ஜானகி அத்தை எழுந்தார். கூட்டத்தில் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கை ஒதுக்கினார்.

“எம்மவன் ஜப்பானுக்குப் போற வழியில குறுக்க நிக்கிறது போலீஸுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். போலீஸு பின்னாடிதான் நிக்குது. முன்னாடி நிக்கிறது நீங்க ரெண்டு பேரும். அந்த மாலைய ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி நானே போட்டு விடுறேன். எவன் இனி தாமான் பேர்ல ரிப்போட் போடுறானோ அவன் வீட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்குவேன். சோறு தண்ணி இல்லாம. என்னைய பத்தி ரிப்போட் போட்டுக்கோங்க.”

யாரும் போடவில்லை.

“சரி, அப்புறம் எங்கதான் போடுறது?” என்று பிச்சைமுத்து ஏக்கத்தோடு கேட்டார்.

அவருக்காகவே ஒரு இடம் வைத்திருந்தேன். எங்கள் பழைய தோட்டக் குடியிருப்பு லயங்கள் இருந்த மேட்டில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, ஃபேர்வே ஹைட்ஸ் என்று ஒரு பங்களா வீதி எழும்பியிருந்தது. வரைபடத்தில் அது கோல்ஃப் புல்லைவிடப் பச்சை. அங்கே குற்றம் நடக்காமல் இல்லை. அங்கிருந்து யாரும் ஸ்டேசனுக்குப் போவதில்லை, அவ்வளவுதான். ஏதாவது நடந்தால் போன் பண்ணிப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே புல் வெட்டுவது, தரை துடைப்பது, குப்பை அள்ளுவது, கார் கழுவுவது எல்லாம் யார்? நாங்கள்தான். எங்கள் பெண்களில் பாதிப்பேருக்குக் காலை முழுவதும் அங்கேதான் வேலை. கண் இருக்கிறது. பழகிய கால்கள் ஸ்டேசனுக்கு வழி மறக்கவில்லை.

விதி ஒன்றுதான்: பொய் கூடாது. நீ கண்ணால் பார்த்ததை மட்டும் சொல். கூட்டியும் சொல்லாதே. திவாகர்தான் இதில் கறாராக இருந்தான். ஒரு பொய் சிக்கினாலும் போச்சு என்றான். அவன் இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி இருந்தான், ஆனால் முகத்தில் முதல் தடவையாக ஒரு குறும்பு.

முதலில் போனது முனியாயி அக்கா. கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவர். ஒரு பங்களாக்காரர் அடித்த பந்து அக்காவின் புல்வெட்டி மெஷினில் பட்டு எங்கோ போய்விட, அவர் கையை நீட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டுச் சொல்ல ஆள் இருந்தது. அந்த வாக்கியத்துக்குத் தமிழில் “பாத்துக்கிறேன்” என்றுதான் அர்த்தம். சாமிநாதன் இதெல்லாம் ஒரு ரிப்போட்டா என்று தயங்கியிருக்கிறார்.

“தம்புசாமி சொன்னப்ப குத்தமிரட்டல்னு எழுதுனீங்களே, சார்ஜன்” என்றாராம் முனியாயி அக்கா. “இவரு வெள்ளக்கார பாஷையில சொன்னா சின்ன மிரட்டலா?”

எழுதினார்.

அதன் பிறகு நின்றபாடில்லை. லைசென்ஸ் வாங்குகிற வயசு வராத பையன் அப்பாவின் மெர்சிடிஸை ஓட்டி விளக்குக் கம்பத்தில் உரசினான். கட்டிவைக்காத நாய் குப்பை அள்ளுகிறவரைக் கடித்தது. கிளப்பின் பின்னறையில் பகலிலேயே பந்தயச் சீட்டு. வேலைக்காரப் பெண்ணின் பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்தார். அவள் இந்தோனேசியாக்காரி, அவளுக்கும் துணைக்குப் போய் ரிப்போட் போட்டோம். நாலு பேர் கோல்ஃப் குடைகளோடு ஒரு பங்களா வாசலில் நின்று பாக்கித் தகராறு பண்ணினார்கள். குடையா என்று சாமிநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தாராம். பிறகு, போன வருஷம் உங்களுக்கு எழுதியாச்சு, இவங்களுக்கு எழுதாம எப்படி என்று எடுத்துக்கொண்டார். தம்புசாமியும் பிச்சைமுத்துவும் பழைய வேகத்தோடு போட்டி போட்டார்கள். ஒரே நாயைப் பற்றி இருவரும் தனித்தனியாகப் போட்டதில் அது இரண்டு நாயாகிவிட்டது. அதைத் திவாகர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பிச்சைமுத்துவை மறுபடி அனுப்பி, இரண்டும் ஒரே நாய்தான் என்று இன்னொரு ரிப்போட் போட வைத்தான். கம்ப்யூட்டரில் அது மூன்றாயிற்று.

மாதம் முடிந்தது. வரைபடம் வந்தது. தாமான் மெலூர் மஞ்சள். பங்களா வீதி உச்சியில், இரத்தச் சிவப்பு.

நாலாம் தேதி ஸ்டேசனிலிருந்து எங்களுக்கு ஆள் வந்தது. நான், திவாகர், ஜானகி அத்தை மூவரும் போனோம். கவுண்டர் பெஞ்சில் ஏற்கெனவே முனியாயி அக்கா வேறு விஷயமாக உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அறைக்குள்ளே கூட எங்களைக் கூப்பிடவில்லை. வெளியே வந்து நின்றுகொண்டே பேசினார். மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. பங்களா வீதிக்காரர்கள் மேலிடத்துக்குப் போன் மேல் போன் போடுகிறார்களாம். வீட்டு விலை இறங்கிவிடும் என்கிறார்களாம். அவர்கள் வாசலைப் பார்த்துக் கேமரா வைக்கப்போவதாக மெஷினே பரிந்துரைத்துவிட்டதாம். நீங்கள் கணக்கைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்.

“இதில் ஒன்றாவது பொய்யா, துவான்?” என்று கேட்டேன்.

பொய் இல்லை என்று ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறார். நேர்மையானவர்தான். “ஆனால் இதெல்லாம் குற்றம் இல்லை. அக்கம்பக்கத்துச் சின்ன விஷயம். எங்கேயும் நடக்கும்.”

திவாகர் அதுவரை அம்மாவின் பின்னால் நின்றிருந்தான். இப்போது முன்னால் வந்தான்.

“எங்க வாசல்ல நடந்தப்போ இதே விஷயத்துக்கு நீங்க குற்றம்னு பேர் வெச்சீங்க, துவான். சுவத்துல போட்டுக் காட்டுனீங்க. பத்துல நாலுன்னீங்க.”

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்கு உதவிக்கு வரவில்லை. கவுண்டர் மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். உன் காரியத்துக்குத்தானே இவ்வளவும், இந்தா என்றார். திவாகர் படித்தான். நானும் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன். மேற்படி நபர் மீது தற்போதைக்கு நடவடிக்கை எடுக்கும் உத்தேசம் இல்லை என்று இருந்தது.

மறுநாள் ஐந்தாம் தேதி. ஜப்பான்காரருக்கு மலாயைப் பெயர்த்துச் சொல்லும்போது தற்போதைக்கு என்பது விட்டுப்போகவும் கூடும். நான் அவன் முதுகைத் தட்டினேன், எடுத்துக்கடா என்கிற அர்த்தத்தில்.

அவன் கடிதத்தை இன்ஸ்பெக்டரின் பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தான்.

“தற்போதைக்கு வேணாம், துவான். நான் வேனுக்கு நின்னேன்னு எழுதுங்க. வேன் வந்துச்சு, ஓடி ஏறுனேன்னு எழுதுங்க. அதுதான் நடந்துச்சு. அதை எழுத முடியலன்னா ஜப்பானுக்கு வேற எவனாச்சும் போவட்டும். நான் நாளைக்கும் அதே எடத்துலதான் நிப்பேன். நாளன்னைக்கும்.”

ஜானகி அத்தை கண்ணை மூடிக்கொண்டார். எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

உள்ளே போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் போய் எடுத்தார். ஆமாம் துவான், ரிப்போட்டை நிறுத்திவிடுகிறேன் துவான் என்பதைத் தவிர அவர் பக்கத்துப் பேச்சில் வேறொன்றும் இல்லை. திரும்பி வந்தபோது ஒரு கிலோ இளைத்த மாதிரி இருந்தார். கடிதத்தை நாலாகக் கிழித்தார். சாமிநாதனைக் கூப்பிட்டு அவரே வாசகம் சொன்னார். மேற்படி நபர் தினமும் வேலைக்குச் செல்லும் பொருட்டு வாகனத்துக்காகக் காத்திருந்தவர். கேமரா வைக்கப்பட்ட கோணம் காரணமாக வாகனம் பதிவாகவில்லை. அவர் மீது எந்தச் சந்தேகமும் இல்லை. சாமிநாதன் இரண்டு விரலால் தட்டினார். கோணம் என்ற இடத்தில் மட்டும் விரல் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. விலாசம் இப்போது மஞ்சள், மெஷின் அந்த வாக்கியத்தை அடிக்க விட்டது.

திவாகர் ஒவ்வொரு வரியாகப் படித்தான். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். பழைய மரியாதை திரும்பியிருந்தது. அத்தையைப் பார்த்து, பெரியம்மா முறையில் மாக்சிக் என்று கூப்பிட்டு, இனி எல்லாம் முடிந்தது அல்லவா, உங்கள் ஆட்களை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் அத்தை பதில் சொன்னார், தமிழிலேயே.

“எதுக்கு நிறுத்தணும்? அந்த இந்தோனேசியாப் புள்ளையோட பாஸ்போர்ட்டு இன்னும் பூட்டித்தானே கெடக்கு.”

சாமிநாதன் இதை மலாயில் பெயர்த்துச் சொல்லிவிட்டு, புதுத்தாள் ஒன்றைப் பிரிண்டரில் செருகினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த முனியாயி அக்கா எழுந்து வந்து கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, “எழுதிக்கோங்க சார்ஜன்” என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.